'மெனாஜ்': ஒரே சொல்லில் ஒரு குடித்தனம்



"என்னம்மா வேலை பாக்குறீங்க?" என்று கேட்டால், நம்மில் பலர் சட்டென்று சொல்லும் பதில், "வேலைக்கெல்லாம் போகலைங்க, வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்பதுதான். பிரான்ஸ் நாட்டிலும் இதே நிலைமைதான் இருந்தது. வீட்டைக் கவனித்துக்கொள்ளும் பெண்களைப் பதிவேடுகளில் 'தொழில் இல்லாதவர்' என்று எழுதி வந்தார்கள். ஆனால் அந்த நாட்டு மொழியில் வீட்டு வாழ்க்கையைக் குறிக்கும் ஒரு சொல்லைப் பிரித்துப் பார்த்தால், அதற்குள்ளே எத்தனை வேலை இருக்கிறது என்பது தெரியும். அந்தச் சொல் 'மெனாஜ்'.

'தங்குதல்' என்று பொருள்படும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது இது. நம்ம பேச்சில் இதற்குப் பக்கத்தில் வரும் சொல் 'குடித்தனம்'. "அந்த வீட்டுல நாலு குடித்தனம் இருக்கு", "புதுசா குடித்தனம் வச்சிருக்காங்க", "அவ நல்ல குடித்தனக்காரி" என்று நாம் மூன்று விதமாகச் சொல்கிறோம் அல்லவா? மெனாஜும் அப்படித்தான்.

மெனாஜின் நான்கு பொருள்கள்

1. ஒரே வீட்டில் வசிப்பவர்கள்: பிரான்சின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மெனாஜ். சொந்தபந்தமாக இருக்க வேண்டியதில்லை. தனியாக வாழும் பாட்டியும் ஒரு மெனாஜ்தான். நம் நாட்டுக் கணக்கெடுப்பில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களை ஒரு குடும்பமாக எண்ணுகிறார்கள். அங்கே வீட்டு வாசலை வைத்துக் கணக்கு, இங்கே அடுப்பை வைத்துக் கணக்கு.

2. கணவன் மனைவி: புதிதாகக் கல்யாணமான ஜோடியை 'இளம் மெனாஜ்' என்பார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு 'மெனாஜ் காட்சி' என்று பெயர்! இரண்டு பேர் ஒத்துப்போனால் 'நல்ல மெனாஜ் நடத்துகிறார்கள்' என்பார்கள்.

3. வீட்டு வேலை: பெருக்குவது, துடைப்பது, ஒட்டடை அடிப்பது எல்லாம் 'மெனாஜ் செய்வது'. சம்பளத்துக்கு வந்து இந்த வேலையைச் செய்பவரை 'மெனாஜ் பெண்' என்று அழைப்பார்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்ற மின்சாதனங்களுக்கான பெயரிலும் இந்தச் சொல் ஒட்டியிருக்கிறது. வீடு காலி பண்ணிக்கொண்டு போவதற்கும் இதிலிருந்து பிறந்த சொல்தான்.

4. பார்த்துப் பார்த்து நடத்துவது: இதுதான் முக்கியமானது. 'மெனாஜே' என்றால் வீணாக்காமல் அளவோடு பயன்படுத்துவது, பக்குவமாக நடந்துகொள்வது. பணத்தையும் மெனாஜே செய்யலாம், உடம்பையும் செய்யலாம், அடுத்தவர் மனசையும் செய்யலாம். நெடுந்தூரம் போக நினைப்பவர் தன் குதிரையை மெனாஜே செய்ய வேண்டும் என்ற கருத்தில் அங்கே ஒரு பழமொழியும் உண்டு. நாம் "கட்டும் செட்டுமா குடும்பம் நடத்துறா" என்கிறோமே, அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் இது.

பொறுப்பு அவளுக்கு, உரிமை யாருக்கு?

1393 வாக்கில் பாரிஸ் நகரத்தைச் சேர்ந்த வயதான கணவர் ஒருவர், தன் சின்ன வயது மனைவிக்காக ஒரு புத்தகம் எழுதினார். 'பாரிஸ் குடித்தனக்காரர்' என்பது போன்ற பெயர் அதற்கு. தோட்டம் போடுவது, வேலையாட்களை அமர்த்துவது, சமையல் பக்குவங்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் காலத்திலேயே வீட்டை நடத்துவது எவ்வளவு பெரிய நிர்வாகம் என்பது இதில் தெரிகிறது.

இப்போதும் பிரான்சில் விலைவாசி ஏறினால் 'மெனாஜேரின் கூடை' என்று செய்தியில் பேசுவார்கள். மெனாஜேர் என்றால் குடும்பத்தலைவி. அவள் கூடையில் விழும் சாமான்களின் விலையை வைத்தே நாட்டு நிலவரத்தைச் சொல்வார்கள்.

ஆனால் கூடையைச் சுமந்தவளுக்குப் பணத்தின் மேல் உரிமை இருந்ததா? 1965 ஜூலை 13-ஆம் தேதி வந்த சட்டத்துக்குப் பிறகுதான், கல்யாணமான பெண் கணவரின் சம்மதம் இல்லாமல் தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும், வேலைக்குப் போகவும் வழி பிறந்தது. 'குடும்பத் தலைவர்' கணவர்தான் என்ற விதி 1970-இல் நீக்கப்பட்டது. அதன்பின் பிள்ளைகள் விஷயத்தில் அப்பா, அம்மா இருவருக்கும் சம அதிகாரம் கிடைத்தது. பாஸ்புக்கைக் கையில் வைத்திருக்கும் நமக்கு இதன் அருமை புரியும்.

எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்

சட்டம் மாறினாலும் வேலை மட்டும் சமமாகப் பிரியவில்லை. அந்த நாட்டின் புள்ளிவிவரத் துறை 2010-ஆம் ஆண்டுக்கு ஒரு கணக்குப் போட்டது. சமையல், பாத்திரம் கழுவுவது, சுத்தம் செய்வது, துணி துவைப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகளுக்கு மட்டும் ஒரு வருஷத்தில் 4,200 கோடி மணி நேரம் ஆனது. அதில் 100-க்கு 72 பங்கு பெண்கள் செய்தது. அடுத்த வீட்டில் செய்தால் இதற்குச் சம்பளம் உண்டு, சட்டப்படி விடுமுறையும் உண்டு. சொந்த வீட்டில் செய்தால் கூலி இல்லை.

நம் நாட்டிலும் 2024-இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. கூலி இல்லாத வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். அதாவது பெண்களுக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஆண்களுக்கு ஒன்றரை மணி நேரம்.

குழுவில் சேமிப்பு, கடன், வட்டி என்று ஒவ்வொரு ரூபாயையும் நாம் நோட்டில் எழுதி வைக்கிறோம். நம்ம நேரத்தையும் ஒரு நாள் எழுதிப் பார்ப்போமே! அடுத்த கூட்டத்துக்கு முன்னால், ஒரு நாள் காலை எழுந்ததிலிருந்து படுக்கப் போகும் வரை எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதலாம். கூட்டத்தில் எல்லோரும் படித்துக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தாளை வீட்டில் இருக்கிறவர்களிடமும் காட்டுங்கள். எந்த வேலையை யார் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று அங்கேயே பேச்சைத் தொடங்கலாம்.