கேள்வி கேட்க முடியாத டாக்டர் அனிதா

புது தில்லி: கருவுற்ற பெண்களுக்குக் கைபேசியில் ஆலோசனை கூறும் "டாக்டர் அனிதா" ஒரு கற்பனைப் பாத்திரம். மத்திய சுகாதார அமைச்சகம் 2016 ஜனவரியில் தொடங்கிய "கில்காரி" திட்டத்தின் குரல் அவர். கருவுற்ற நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஓராண்டு நிறைவடையும் வரை, வாரந்தோறும் ஒன்றாக 72 இலவச அழைப்புகள். எழுத்தறியாதவர்களுக்கும் இக்குரல் புரியும்.

ஆனால், பல வீடுகளில் கைபேசி கணவரிடமே இருக்கிறது. அழைப்பை ஏற்கும் பெண்ணும் தனது சந்தேகத்தைத் திருப்பிக் கேட்க இயலாது.

பதிலளிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இப்போது வந்துவிட்டன. எனினும், அவை மருத்துவருக்கு உதவலாமே தவிர, நோயாளிக்கு ஆலோசனை கூறவோ மருந்து பரிந்துரைக்கவோ கூடாது என்கின்றன 2020 மார்ச்சில் வெளியான தொலை மருத்துவ நெறிமுறைகள்.

தவறான பதிலுக்கு யார் பொறுப்பு என்பது தெளிவாகும் வரை இத்தடை நியாயமானதே. அதுவரை அப்பெண்ணின் கேள்விக்குச் செவிசாய்க்க வேண்டியவர் கிராமத்து ஆஷா பணியாளர்தான்.