சீட்டு விழுந்த நிலம் – 9: அக்சாள் கேட்ட தண்ணீர்

சீலோவில் யோசுவா சீட்டுப் போட்டதையும், அதற்கு முன் கோத்திரத்துக்கு மூன்று பேராக ஆளனுப்பி நாட்டை அளந்து எழுதச் சொன்னதையும் பார்த்துவிட்டோம். இந்த வாரம் லேவியர் என்று சொல்லியிருந்தேன். ஆனால் யோசுவா 15-ஆம் அதிகாரம் என்னை நகரவிடவில்லை.

யூதா கோத்திரத்தின் எல்லைகளும் ஊர்ப் பெயர்களும் பட்டா ஏடு போல ஓடும் அதிகாரம் அது. அதன் நடுவில் ஒரு பெண் கழுதையை விட்டு இறங்குகிறாள். பெயர் அக்சாள், காலேபின் மகள். கீரியாத்செப்பேரைப் பிடித்த ஒத்னியேலுக்குக் காலேப் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார். கிடைத்ததோ தென்புறத்து வறண்ட காடு. என்னம்மா வேண்டும் என்று அப்பா கேட்கிறார். காய்ந்த நிலத்தைக் கொடுத்தீர்கள், தண்ணீரும் கொடுங்கள் என்கிறாள். மேலே உள்ள ஊற்றுகள், கீழே உள்ள ஊற்றுகள் இரண்டையும் கொடுத்துவிடுகிறார். நியாயாதிபதிகள் முதல் அதிகாரம் இதே சம்பவத்தை மறுபடியும் சொல்கிறது. எத்தனையோ சண்டைகளை ஒரே வரியில் முடித்துவிடும் வேதம், இந்தப் பெண்ணின் கோரிக்கைக்கு இரண்டு முறை இடம் கொடுத்திருக்கிறது.

இதைப் படித்த கையோடு போச்சம்பள்ளி நினைவுக்கு வந்தது. ஹைதராபாத்துக்குக் கிழக்கே 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர். இக்கத் புடவைக்காக நம் வீட்டுப் பெண்கள் அறிந்த அதே போச்சம்பள்ளிதான். 1951-இல் சிவராம்பள்ளி சர்வோதய மாநாட்டுக்கு வார்தாவிலிருந்து நடந்தே வந்த காந்தியவாதி வினோபா பாவே, மாநாடு முடிந்ததும் தெலங்கானா கிராமங்களுக்குள் இறங்கினார். ஒருபக்கம் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம், மறுபக்கம் அதை அடக்க வந்த போலீஸ். ஏப்ரல் 18-ஆம் தேதி போச்சம்பள்ளி சேரிக்குப் போனவர், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். காலேப் கேட்ட அதே கேள்வி.

நாற்பது குடும்பங்கள். கேட்டது 80 ஏக்கர்: 40 நஞ்சை, 40 புஞ்சை.

இந்தக் கணக்குதான் இந்த வாரம் முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு ஒரு ஏக்கர் ஏரிப் பாசனம், ஒரு ஏக்கர் மானாவாரி. நிஜாம் காலத்து வருவாய்க் கணக்கில் தரி, குஷ்கி என்பார்கள். குஷ்கியில் ஆமணக்கும் சோளமும் வரும், அதுவும் மழை வந்தால். தரியில்தான் நெல். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் உழைத்தவர்களுக்கு எந்த மண் சோறு போடும் என்று தெரியாதா? "ஏதோ பார்த்துக் கொடுங்கள்" என்று அவர்கள் கைகட்டி நிற்கவில்லை.

அரசாங்கத்திடம் பேசுகிறேன் என்றுதான் வினோபா முதலில் சொன்னார். பிறகு கூடியிருந்த ஊராரைப் பார்த்தே கேட்டுவிட்டார். வெதிரே ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூதானம் என்ற நிலதான இயக்கம் அங்கே பிறந்தது. நிலமெல்லாம் இறைவனுக்கே சொந்தம் என்பது அந்த இயக்கத்தின் முழக்கம். லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் நிலத்தை நிரந்தரமாக விற்கக் கூடாது என்பதற்குச் சொல்லும் காரணமும் அதுவே.

பின்னால் நாடு முழுவதும் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் தானமாக வந்தது. அதில் பாறையும் முள்காடும் வழக்கில் கிடந்த நிலமும் எவ்வளவோ. ஏழைக்குப் போய்ச் சேராமலே நின்றதும் ஏராளம். ஏக்கரை எண்ணினார்கள், ஊற்றை எண்ணவில்லை. கொடுப்பவன் மனசு இதில்தான் தெரியும் என்று நினைக்கிறேன். தனக்கு உதவாததைத் தள்ளிவிடுவதைத் தானம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. வாங்கியவர் தண்ணீரும் கேட்டால் அது நன்றிகெட்டதனமும் ஆகாது. காலேப் மகள்மேல் கோபப்பட்டதாக ஒரு சொல்கூட அங்கே இல்லை.

நம் தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் கரையீடு என்று ஒரு முறை இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்காளிகள் நிலத்தைச் சீட்டுப் போட்டு மாற்றிக்கொள்வார்கள். மடையோரத்து வயல் ஒருவருக்கே நிலைத்துவிடாது. அந்தப் பங்காளிகளில் உழுதவர்கள் எத்தனை பேர் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இந்த வாரம் தள்ளிப்போன லேவியருக்கு வருவோம். அவர்களுக்கு 48 ஊர்கள் கிடைத்தன, சுற்றிலும் மாடு மேய்க்க வெளிநிலமும் கிடைத்தது, கோத்திரப் பங்கு மட்டும் இல்லை. ஏன் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.