கப்பலில் வரும் வெங்காயமும் கமக்காரனின் வெங்காயமும்

குத்தகைக் காணியில் வெங்காயம் வைத்த குடும்பத்தினர் சிலர் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "வெங்காயத்துக்கு வரி கூட்டியாச்சு எண்டு ரேடியோவிலை சொன்னவை. அதை நாங்களும் கட்ட வேணுமோ?" இதைக் கேட்டுச் சிரிப்பதற்கில்லை. வரி என்றால் எமது மடியிலிருந்து போவது என்றுதான் எல்லோரும் பழகியிருக்கிறோம். ஆனால் இந்த வரி கமக்காரன் கட்டுவதன்று. கமக்காரனுக்கு வேலியாக இருக்க வேண்டியது. அந்த வேலி எப்போது உயர்கிறது, எப்போது தாழ்கிறது என்பதை அறியாமல் நடுகை செய்தால் நட்டம் எமக்கே.

இதன் பெயர் விசேட வியாபாரப் பண்ட அறவீடு. 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. சீனி, பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்ற அன்றாடப் பண்டங்கள் இறக்குமதியாகும்போது, சுங்கத் தீர்வை, பெறுமதி சேர் வரி, செஸ் என்று பலவற்றைத் தனித்தனியே அறவிடாமல், கிலோவுக்கு இத்தனை ரூபா என்று ஒரே தொகையாகச் சுங்கத்தில் வாங்குவதே இதன் ஏற்பாடு. தொகையை மாற்றப் பாராளுமன்றத்தில் புதிய சட்டம் தேவையில்லை. அமைச்சரின் கட்டளை அதிவிசேட வர்த்தமானியில் வந்தால் போதும். பாராளுமன்ற அங்கீகாரம் பின்னர் பெறப்படும். ஆகவேதான் நள்ளிரவு முதல் வரி மாற்றம் என்று செய்தி வருகின்றது. முன்கூட்டியே சொன்னால் வியாபாரிகள் பழைய வரியில் இறக்கிக் குவித்துவிடுவார்கள் என்பது அரசு தரப்பின் நியாயம். அதில் உண்மை உண்டு. ஆனால் அதே இரகசியம் கமக்காரனுக்கும் இரகசியமாகவே இருந்துவிடுகிறது.

2025 ஆகஸ்ட் மாதக் கடைசியில் பெரிய வெங்காயத்துக்கான அறவீடு கிலோவுக்கு 10 ரூபாவிலிருந்து 50 ரூபாவாகவும், உருளைக்கிழங்குக்கு 60 ரூபாவிலிருந்து 80 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. இதைக் கணக்காகப் பார்ப்போம். ஓர் உதாரணத்துக்கு, கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கிலோ பெரிய வெங்காயம் 120 ரூபாவுக்கு வந்து சேர்கின்றது என்று வைப்போம். பழைய அறவீட்டுடன் 130 ரூபா. புதியதுடன் 170 ரூபா. இதற்கு மேல் லொறிக் கூலியும் வியாபாரியின் இலாபமும். நாம் வைப்பது சின்ன வெங்காயந்தானே, பெரிய வெங்காயத்தின் வரியால் எமக்கென்ன என்று கேட்கலாம். கடையில் பெரிய வெங்காயம் மலிந்தால் வீட்டுக்காரி சின்ன வெங்காயத்தைக் குறைத்துக்கொள்வாள். சந்தையில் எமது விலையும் அதோடு இறங்கும்.

மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும் எத்தனை கல்வீடுகளைக் கட்டின என்பதை அவர்கள் சொல்வார்கள். 1977இன் பின் கதவு திறந்ததும் அந்த விலை போயிற்று. அக்காலத்தில் தெற்கில் பாணுக்கும் அரிசிக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. கமக்காரனின் நல்ல விலை வாங்குபவனின் கஷ்டமாகலாம். முகாமில் இருந்த எமது குடும்பங்கள் இரண்டு பக்கத்தையும் அறிந்தவை: ஒரு காலத்தில் வெங்காயம் விற்றவர்கள், பின்னர் கால் கிலோவாக வாங்கியவர்கள்.

இந்த வேலியில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, தொகை ரூபாவில் நிலையாக நிற்கின்றது, விலையோ நிற்பதில்லை. வந்திறங்கும் விலை 100 ரூபாவாக இருக்கும்போது 50 ரூபா அறவீடு என்பது பாதிப் பங்கு. விலை 200 ஆனால் காற்பங்கு. அதோடு விலையைத் தீர்மானிப்பது கொழும்பு மட்டுமன்று. இந்தியா 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 ஏப்ரலில் இலங்கைக்கென 10,000 தொன்னை மட்டும் அனுமதித்தது. அவ்வாண்டு மே மாதம் தடையை நீக்கி 40 வீத ஏற்றுமதித் தீர்வை விதித்தது. செப்ரெம்பரில் அதை 20 வீதமாக்கியது. 2025 ஏப்ரல் 1 முதல் அதையும் எடுத்துவிட்டது. டில்லியில் ஒரு தீர்வை நீங்கினால் சுன்னாகம் சந்தையில் அது தெரியும்.

இரண்டாவது குறை, வரிக் குறைப்பின் பயன் மக்களைச் சேரும் என்ற உறுதி இல்லை. 2020 ஒக்டோபர் 13இல் சீனிக்கான அறவீடு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. கடையில் சீனி விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. அரசுக்குச் சுமார் 1600 கோடி ரூபா வருமானம் போயிற்று என்று கணிக்கப்பட்டது. 2023 நவம்பரில் அதை மீண்டும் 50 ரூபாவாக்கினார்கள். வரி கூடும்போது முன்னரே வாங்கி வைத்த இருப்புக்கும் புதிய விலை சொல்லப்படுவதை வாசகர்கள் அறிவார்கள். களஞ்சியம் உள்ளவனுக்கு இரண்டு பக்கமும் இலாபம்.

இங்கேதான் இடம்பெயர்ந்த குடும்பத்தின் நிலை மற்றக் கமக்காரனின் நிலையிலிருந்து வேறுபடுகின்றது. சொந்த வளவு உள்ளவன் வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக் கொட்டிலில் தொங்கவிட்டு, விலை வரும்வரை காத்திருப்பான். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்து, காணி இன்னும் கைக்கு வராமல் குத்தகையில் தோட்டம் செய்பவர்களுக்குக் கொட்டில் எங்கே? பசளைக் கடனும் குத்தகைக் காசும் அறுவடைக் கிழமையிலேயே வாசலில் நிற்கும். அந்த ஒரு கிழமையின் விலைதான் அவர்களின் ஆண்டு வருமானம். ஆகவே அறவீடு எவ்வளவு என்பதைப் போலவே அது எந்த மாதத்தில் என்பதும் அவர்களுக்கு முக்கியம்.

ஆகஸ்ட் உயர்வு தம்புள்ளைப் பகுதியின் பெரிய வெங்காய அறுவடைக்குப் பொருந்தி வந்தது. யாழ்ப்பாணத்து உருளைக்கிழங்கோ கார்த்திகை, மார்கழியில் நட்டு மாசி, பங்குனியில் கிண்டுவது. ஆகஸ்டில் போட்ட வேலி பங்குனி வரை நிற்குமா என்பதே எமது கேள்வி. பண்டிகைக் காலம் வந்தால் நகரத்து வாங்குபவருக்காக அறவீட்டைக் குறைக்கும் நெருக்குதலும் வரும்.

நெல் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அறவீடு வேறு, இறக்குமதி அனுமதி வேறு. 2024 டிசம்பரில் அரிசி இறக்குமதிக்குத் தற்காலிகமாகக் கதவு திறக்கப்பட்டபோது கிலோவுக்கு 65 ரூபா அறவீடு அப்படியே இருந்தது. டிசம்பர் 20 என்று குறித்த முடிவுத் திகதி 2025 ஜனவரி 10 வரை நீண்டது. காலபோக அறுவடை தொடங்குவதற்கு அது எவ்வளவு கிட்ட என்பதை வன்னிக் கமக்காரருக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

வர்த்தமானி தமிழிலும் வெளிவருகின்றது. செய்தியைக் கேட்டதும் விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ கட்டளையைக் கேட்டுப் பாருங்கள். எந்தப் பண்டம், கிலோவுக்கு எவ்வளவு, எத்திகதி முதல், எவ்வளவு காலத்துக்கு என்பதைப் பார்த்தால் போதும். பெரிய வெங்காயமும் சின்ன வெங்காயமும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கலாம். "வெங்காயம்" என்று பொதுவாகக் கேட்டு ஏமாறாதீர்கள். சந்தைத் தரகர் சொல்வதை மட்டும் நம்பி நடுகையைத் தீர்மானிக்க வேண்டாம். அவர் பொய் சொல்வார் என்றல்ல. அவருக்கு வேண்டிய பாதியைச் சொல்வார்.

ஊர் அமைப்பில் பெயர் இருக்கிறது என்று சொல்லி, இருக்கும் இடத்துக் கமக்காரர் அமைப்பில் சேராமல் விடுபவர்கள் பலர். பிரதேச விவசாயக் குழுவிலும் மாவட்ட விவசாயக் குழுவிலும் உங்கள் குரல் கேட்பதற்கு வழி அந்த அமைப்புத்தான். அங்கே கொடுக்கும் கடிதத்தில் "இறக்குமதியை நிறுத்துங்கள்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் போய்விடும். எத்தனை பரப்பு நடப்பட்டுள்ளது, எத்தனை அந்தர் எதிர்பார்க்கப்படுகிறது, எந்த மாதத்தின் எந்தக் கிழமைகளில் அறுவடை, அதுவரை அறவீட்டைக் குறைக்காதிருக்க வேண்டும் என்று எழுதுங்கள். நடுகை முடிந்த கிழமையிலேயே அனுப்புங்கள். கிண்டத் தொடங்கிய பின் அனுப்பும் கடிதம் அடுத்த ஆண்டுக்குத்தான் உதவும்.