பார்வையற்ற பிள்ளையின் சினேகிதன்

பத்துப் பன்னிரண்டு பிராயத்துப் பிள்ளைகளுக்கென எழுதப்படும் நம் கதைகளில் பார்வையற்ற சிறுவன் ஒருவன் வருவானேயானால், பெரும்பாலும் பிறர் கைபற்றித் தெருவைக் கடக்கவும் வாசிப்போர் நெஞ்சில் பரிதாபத்தை எழுப்பவுமே வருகிறான். அவனுக்கென்று ஒரு சினேகிதன் வாய்ப்பதும், இருவரும் சண்டையிட்டுச் சமாதானமாவதும் அபூர்வம். சென்னை தூலிகா பதிப்பகத்தின் வெளியீடாக ஸாய் விட்டேகர் எழுதிய ‘கண்ணா பன்னா’வில், குகைக் கோயிலின் விளக்குகள் அணைந்து எல்லாரும் திகைத்து நிற்கையில் பார்வையில்லாத கண்ணாவே வழிகாட்டி அழைத்து வருகிறான். ஆயினும் அது சிறு குழந்தைகளுக்கான படக்கதை. சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்குரிய நாவலின் விஷயம் பெங்களூரில் காத்துக் கிடக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கைக்குழந்தைப் பருவத்திலேயே டைபாய்டு சுரத்தால் பார்வையை இழந்த மகாந்தேஷ் கிவடசண்ணவர், தம்மைப் போலவே பார்வையற்றவரான பாலிய சினேகிதர் நாகேஷுடன் சேர்ந்து, 1997-இல் ‘சமர்த்தனம்’ என்னும் ஸ்தாபனத்தை அந்நகரில் தொடங்கினார். கல்வியோடும் தொழிற்பயிற்சியோடும் பார்வையற்றோர் கிரிக்கெட்டையும் அது பேணி வளர்த்தது; அவர்களுக்கான முதல் இருபது ஓவர் உலகக் கோப்பை 2012-இல் பெங்களூரிலேயே நடந்தது, இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை வென்று இந்தியா வாகை சூடியது.

அந்த ஆட்டத்தைச் சற்று அருகிருந்து நோக்க வேண்டும். பந்து பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே சிறு இரும்புக் குண்டுகள் இருப்பதால் உருளும்போது கலகலக்கும், நின்றால் மௌனமாகிவிடும். பந்து வீசுபவர் “ரெடி?” என்று கேட்டு, மட்டை பிடித்தவர் “யெஸ்” என்ற பிறகே, “ப்ளே” என்று கூவிக் கையைத் தாழ்த்தி வீசுவார். பதினொருவரில் நால்வரேனும் முற்றிலும் பார்வையற்றவராயிருத்தல் அவசியம். ஏனையோர் மங்கிய பார்வையுடையோர். முற்றிலும் பார்வையற்றவர் எடுக்கும் ஓட்டம் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். ஒருமுறை தரையில் பட்டெழும் பந்தை அவர் பிடித்தாலும் எதிரி அவுட். அவருக்காக ஓட வேறொரு தோழர் உண்டு. இவற்றைச் சலுகைகள் என்று கருதுவது பிழை. சற்றே பார்வையுள்ளவன் காணாதவனைத் தயவுக்காகச் சேர்த்துக்கொள்வதில்லை. அவனின்றி ஜெயிக்க இயலாது என்பதாலேயே சேர்த்துக்கொள்கிறான்.

விழித்திரை நோயால் ஆண்டுக்காண்டு பார்வை மங்கிவரும் சிறுவன் ஒருவன், நேற்றுவரை நண்பனுக்காக ஓடியவன், இனித் தனக்காக இன்னொருவர் ஓட வேண்டிய நிலைக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கோபமும், அதைப் பொறுத்துக்கொள்ளும் பழைய நண்பனின் அனுபவ ஞானமும், “ரெடி?” என்ற குரலுக்கு அவன் முதன்முதலாக விடையளிக்கத் தயங்கும் கணமும் சேர்ந்தால் இருநூறு பக்கத்துக்குக் குறையாது. தமிழில் அதை யாரேனும் எழுத வேண்டும்.