சந்தையின் மனநிலையும் சேமிப்பின் பங்கீடும்

ஜெலுத்தோங் என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் பாலைக் காய்ச்சி ரப்பருக்கு மாற்றாகப் பயன்படுத்தினர். பின்னர் மெல்லும் கோந்து செய்யவும் அது உதவிற்று. பினாங்கில் அம்மரத்தின் பெயரைத் தாங்கிய வட்டாரத்தில், மரப்பாலுக்கும் பங்கு விலைக்கும் உள்ள உறவு புதிய செய்தியன்று. 1910இல் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விலை போயிற்று. கன்று நட்டு முடியாத தோட்டங்களின் பங்குகளைக்கூட மக்கள் முண்டியடித்து வாங்கினர். ரப்பர்க் கன்று பால் தர ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை பொறுத்திருக்கும் எண்ணம் வாங்கியவர்களில் பலருக்கு இல்லை. சில ஆண்டுகளுக்குள் ரப்பர் விலை உச்சத்தில் கால் பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

ஒரு பங்கின் விலையில் இரண்டு சரக்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று, அக்கம்பெனி ஈட்டக்கூடிய லாபம். மற்றொன்று, அந்த லாபத்தைப் பற்றி மக்கள் கொண்டுள்ள மனநிலை. லாபம் மெல்ல மாறும்; மனநிலையோ ஒரு வாரத்தில் தலைகீழாகிவிடும். இந்த இரண்டாவது சரக்கை அளந்து பார்த்து, அதற்கேற்பச் சேமிப்பைப் பங்கீடு செய்யலாமா என்பதே பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்துவரும் கேள்வி.

அளப்பதற்கு ஒரு வழி, மக்களையே கேட்டுவிடுவது. அமெரிக்காவில் தனிநபர் முதலீட்டாளர் சங்கம் ஒன்று, அடுத்த ஆறு மாதங்களில் பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று தன் உறுப்பினர்களை 1987 முதல் வாரந்தோறும் கேட்டுவருகிறது. 2000 ஜனவரியில் ஏறும் என்றவர்கள் 75 சதவிகிதம். மார்ச்சில் சந்தை உச்சத்தைத் தொட்டு விழலாயிற்று. 2009 மார்ச் தொடக்கத்தில் இறங்கும் என்றவர்கள் 70 சதவிகிதம். அதே மாதத்தில் சந்தை அடிமட்டத்தைத் தொட்டு மேலே திரும்பிற்று. மற்றொரு வழி, மக்களின் சொல்லை விட்டுச் செயலைப் பார்ப்பது. புதிய கம்பெனிகள் எத்தனை சந்தைக்கு வருகின்றன, முதல் நாளிலேயே அவற்றின் விலை எவ்வளவு துள்ளுகிறது, பங்குகள் எவ்வளவு வேகமாகக் கைமாறுகின்றன என்பவற்றைக் கொண்டு பேக்கர், வூர்க்லர் என்ற இரு அறிஞர்கள் ஓர் அளவுகோலை அமைத்து 2006இல் வெளியிட்டனர். உற்சாகம் மிகுந்த காலத்தை அடுத்து, சிறிய, இளைய, லாபமீட்டாத கம்பெனிகளின் பங்குகளே மற்றவற்றைவிட மோசமான பலன் தருகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு.

இவையெல்லாம் அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கோலாலம்பூர் குறியீடு 1992 இறுதியில் சுமார் 644 புள்ளியாக இருந்தது. 1993 இறுதியில் 1,275ஐ எட்டிற்று. வேலையை விட்டுவிட்டுத் தரகர் அலுவலகத்து விலைப்பலகை முன் உட்கார்ந்தவர்கள் அந்நாளில் ஏராளம். 1996இல் ஊழியர் சேமநிதிச் சந்தாதாரர்கள் தம் சேமிப்பில் ஒரு பகுதியை யூனிட் டிரஸ்டுகளில் போட அனுமதி கிடைத்தது. காலம் பொல்லாதது. 1997 பிப்ரவரியில் 1,271ஆக இருந்த குறியீடு, 1998 செப்டம்பர் 1ஆம் தேதி 262ஆக விழுந்தது. வயோதிகத்துக்கென்று வைத்த பணம் ஐந்தில் நான்கு பங்கு கரைவதைக் கண்டவன் என்ன செய்வான்? மிஞ்சியதையாவது காப்பாற்றுவோம் என்று விற்றுவிட்டு ஓடுவான். பலர் அப்படியே ஓடினர்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1997 உச்சத்தில் ஒருவரிடம் 10,000 வெள்ளி இருந்தது. பாதி பங்கிலும் பாதி வங்கி வைப்பிலும் என்று கொள்வோம். வட்டியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அடிமட்டத்தில் பங்குகளின் மதிப்பு சுமார் 1,030 வெள்ளி. ஆக மொத்தம் 6,030. அன்று பங்குகளை விற்றவருக்கு அவ்வளவே மிச்சம். ஒன்றும் செய்யாதிருந்தவருக்கு, குறியீடு 586ஐ எட்டிய ஆண்டிறுதியில் சுமார் 7,300 வெள்ளி இருந்திருக்கும். எல்லாரும் அஞ்சிய அந்த வேளையில், வங்கிப் பணத்திலிருந்து 2,000 வெள்ளி போல எடுத்துப் பங்கில் போட்டு, மீண்டும் பாதிக்குப் பாதி ஆக்கியவருக்கோ சுமார் 9,750 வெள்ளி.

ஆனால் அடிமட்டம் இதுதான் என்று அன்று யாரும் தமுக்கடித்துச் சொல்லவில்லை. 1998 ஜனவரியிலேயே குறியீடு 500க்குக் கீழே போய்விட்டது. அச்சம் அப்பொழுதே முற்றித்தான் இருந்தது. அன்று கையிலிருந்ததையெல்லாம் கொட்டியவர் செப்டம்பரில் அதில் ஏறக்குறைய பாதியை இழந்து நின்றார். உற்சாகத்தின் கதை இன்னும் சிக்கலானது. 1996 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் கிரீன்ஸ்பான், சந்தையின் களிப்பு அறிவுக்குப் பொருந்துமா என்று சந்தேகம் எழுப்பினார். அதன் பிறகும் மூன்றாண்டுகளுக்கு மேல் விலை ஏறிக்கொண்டே போயிற்று. அச்சம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பேராசைக்கு ஆயுள் நீளம்.

ஆகவே மனநிலை அளவுகோல் நாள் குறிக்கும் பஞ்சாங்கமல்ல. விகிதத்தைச் சற்றே திருத்த மட்டும் அது பயன்படும். வயதுக்கும் தேவைக்கும் ஏற்ப நூற்றுக்கு அறுபது பங்கில் என்று தீர்மானித்தவர், ஊரே களித்திருக்கும்போது அதை ஐம்பதாகக் குறைக்கலாம். ஊரே கலங்கும்போது எழுபதாக உயர்த்தலாம். அதையும் ஒரே நாளில் செய்யாமல் சில மாதத் தவணைகளில் செய்யலாம். இடைப்பட்ட சாதாரண நாட்களில் அளவுகோல் ஏறக்குறைய ஊமை. அப்பொழுது அதைப் பார்க்காமலிருப்பதே நல்லது. இரண்டு மூன்று ஆண்டுகளில் பிள்ளையின் படிப்புக்குக் கட்ட வேண்டிய பணத்தை இந்த ஆட்டத்தில் சேர்க்கவே கூடாது.

2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது மரப்பாலின் கதை மீண்டும் நடந்தது. ரப்பர்க் கையுறைக் கம்பெனிகளின் பங்குகள் சில மாதங்களில் பல மடங்கு ஏறின. நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டிலிருந்தவர்கள் கைத்தொலைபேசியிலேயே வாங்கினர். லாபம் பொய்யன்று, கையுறைகள் உண்மையாகவே விற்றன. நவம்பரில் தடுப்பூசிச் செய்தி வந்தது. பின்னும் சில காலாண்டுகளுக்குக் கம்பெனிகள் பெருலாபம் காட்டிக்கொண்டிருந்தன. பங்கு விலை மட்டும் அதற்காகக் காத்திருக்கவில்லை.