பருமனுக்குப் பாலிசி பணம் தருமா?

2019-க்கு முன்பு, எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று மருத்துவமனையில் கேட்டால், பாலிசியைப் பிரிக்காமலேயே "இதுக்கு வராதுங்க" என்பார்கள். பெரும்பாலும் அதுவே உண்மை. விலக்குப் பட்டியலில் அழகு சிகிச்சைகளோடு பருமனும் சேர்ந்தே இருந்தது. சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் கெட்டுப் படுத்தால் பணம் கிடைக்கும். அந்தச் சர்க்கரையை வளர்க்கும் பருமனுக்குக் கிடைக்காது. வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்ற ஊர் ஏளனம்தான் பாலிசியிலும் ஏறியிருந்தது என்பேன்.

2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விலக்குகளை வரையறுத்தது. இன்று 18 வயது நிரம்பி, பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருந்து, மருத்துவர் பரிந்துரைத்தால் பருமனைக் காட்டி மட்டும் மறுக்க முடியாது. இதய நோய், கட்டுப்படாத இரண்டாம் வகைச் சர்க்கரை, தூக்கத்தில் கடுமையான மூச்சுத்தடை போன்றவை இருந்தால் 35 போதும். ஆனால் மற்ற வழிகளில் எடை குறைக்க முயன்று பலிக்கவில்லை என்பதும் தெரிய வேண்டும். உணவு ஆலோசகரிடம் போன சீட்டு, மருந்துச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். கிளெய்ம் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அங்கேதான். பாலிசி எடுத்த மறுமாதமே அறுவைக்குப் போகவும் முடியாது. காத்திருப்புக் காலம் உண்டு. முன்பே இருந்த நோய்களுக்கு அது 36 மாதம் வரை போகலாம். எடையையும் சர்க்கரையையும் விண்ணப்பத்தில் மறைத்தால் பின்னால் அதுவே வினையாகும். நிறுவனம் காரணமின்றி மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம், கட்டணம் இல்லை.

கதவு திறந்தது பெரிய விஷயம். என் மனக்குறை அந்த 35, 40 பற்றியது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1991-இல் வகுத்த அளவுகள் அவை. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வருகிறது. உலக அறுவை மருத்துவச் சங்கங்களே 2022-இல் அளவைத் தளர்த்தி, ஆசியர்களுக்கு 27.5 முதலே அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்றன. 160 செ.மீ. உயரம், 80 கிலோ, எந்த மாத்திரைக்கும் அடங்காத சர்க்கரை உள்ள ஒரு பெண்ணின் பிஎம்ஐ 31. மருத்துவம் அவருக்குச் சரி என்கிறது. பாலிசிக்கு இன்னும் 10 கிலோ கூட வேண்டும். ஆணையம் இந்த எண்களை உடனே திருத்த வேண்டும்.