காலேஜ் ஒண்ணு, வேலை ரெண்டு: கணக்கு எங்க இடிக்குது?

(எபிசோட்ல பேசினதைத் திருத்திச் சுருக்கிய எழுத்து வடிவம்)

இன்னைக்கு விஷயம், ஃபுல் டைம் காலேஜ் படிச்சுக்கிட்டே ரெண்டு வேலை பார்க்கிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிறவங்களுக்கு இது புதுசில்ல. பகல்ல கிளாஸ், சாயங்காலம் டெலிவரி, சனி ஞாயிறு கல்யாண மண்டபத்துல கேட்டரிங் சர்வீஸ். நம்ம ஏரியாவுல வேலைக்குப் பஞ்சமும் இல்ல. 1960-கள்ல வந்த அம்பத்தூர் எஸ்டேட் இருக்கு, அங்கேயே இப்போ ஐடி, பிபிஓ ஆபீஸ் இருக்கு, பூந்தமல்லி தாண்டினா வரிசையா குடோன். வேலை கிடைக்கிறது பிரச்சினை இல்ல. கஷ்டப்படத் தயாரா இருக்கிற பசங்களுக்கும் இது சில இடத்துல உடையுது. அது எங்கன்னு முன்னாடியே தெரிஞ்சா தப்பிக்கலாம்.

வாரக் கணக்கு ஏமாத்தும்

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். காலேஜ் 35, போக வர 10, தூக்கம் 49, சாப்பாடு, குளியல், வீட்டு வேலை 21, படிப்பு 15. எல்லாம் கழிச்சா மிச்சம் 38 மணி நேரம். "அட, ரெண்டு வேலை தாராளமா பார்க்கலாமே"ன்னு தோணும்.

இப்போ அதையே நாளா பிரிங்க. திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் ஒரு நாளைக்கு மிஞ்சறது 3 மணி நேரம்தான். மீதி 23 மணி நேரம் சனி ஞாயிறுல இருக்கு. ஆனா பார்ட் டைம் ஷிப்ட்னா பெரும்பாலும் 4, 5 மணி நேரம் கேட்பாங்க. அதுக்குப் போக வர ஒரு மணி நேரம். அப்போ அந்தக் கூடுதல் நேரம் எங்கிருந்து வரும்? தூக்கத்துல இருந்து, இல்லேன்னா மறுநாள் முதல் பீரியட்ல இருந்து.

அதனால வேலை தேடும்போது சம்பளத்தை ஷிப்ட் நேரத்தால வகுக்காதீங்க. வீட்டை விட்டுக் கிளம்பி வீடு திரும்பற நேரத்தால வகுங்க. டெலிவரின்னா பெட்ரோலையும் கழிங்க. ஒரு சாயங்காலம் 60 கிலோமீட்டர் ஓட்டி, வண்டி லிட்டருக்கு 40 கொடுத்தா ஒன்றரை லிட்டர் போச்சு. டயர், சர்வீஸ் தனி.

75% எவ்வளவு சீக்கிரம் கரையும்

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் காலேஜ்ல 75% அட்டெண்டன்ஸ் வேணும். 65-க்கு மேல, 75-க்குக் கீழ இருந்தா மெடிக்கல் சர்டிஃபிகேட் மாதிரி சரியான காரணம் காட்டணும். 65-க்கும் கீழ போனா செமஸ்டர் எழுத விட மாட்டாங்க, அதைத் திரும்பப் படிக்கணும். தன்னாட்சி காலேஜ், டீம்டு யுனிவர்சிட்டின்னா உங்க ரூல் புக்கைப் பாருங்க.

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள்னு வெச்சுக்கலாம். 22 நாள் லீவு போடலாம்னு வரும். நிறைய மாதிரி தெரியுது. வாரத்துக்கு ஒரு நைட் ஷிப்ட் பார்த்து, மறுநாள் எழுந்திருக்க முடியாம போனா? 18 வாரத்துல 18 நாள் காலி. நாலு நாள் காய்ச்சல் வந்தா முடிஞ்சது.

2021 ரெகுலேஷன்ல தியரி பேப்பருக்கு இன்டர்னலே 40 மார்க். கேம்பஸ்ல வர்ற கம்பெனிகள் நிறைய பேர் முதல்ல கேட்கிறது, "ஸ்டாண்டிங் அரியர் இருக்கா?" ரெண்டாவது வேலையில வந்த காசு, ஒரு செமஸ்டர் திரும்பப் படிக்கிற ஃபீஸுக்கும், நழுவின முதல் சம்பளத்துக்கும் ஈடாகாது.

எந்த ரெண்டு வேலை சேரும்?

நான் பார்த்த வரைக்கும், நேரம் கட்டின வேலை ஒண்ணு, இஷ்டப்பட்டா நிறுத்திக்கிற வேலை ஒண்ணு, இது சேரும். உதாரணமா, வீட்டுப் பக்கத்துல டியூஷன், கூட வாரக் கடைசி டெலிவரி. எக்ஸாம் வந்தா ஆப்பை ஆஃப் பண்ணிடலாம். நேரம் கட்டின வேலை ரெண்டும் சேர்ந்தா எக்ஸாம் மாசத்துல ரெண்டு சூப்பர்வைசரும் லீவு தரணும். தர மாட்டாங்க.

கேட்டரிங்ல ஒரு சிக்கல் இருக்கு. வைகாசி முகூர்த்தம் ஏப்ரல்-மே செமஸ்டரோட வால்ல வந்து இடிக்கும், ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் நவம்பர்-டிசம்பர் செமஸ்டரோட நேரா மோதும். ஆடியில கல்யாணமே இல்ல, ஆனா அந்த ஜூலை-ஆகஸ்ட்லதான் நிறைய காலேஜ்ல ஃபீஸ் கட்டணும். அதனால கேட்டரிங்கை நம்பறவங்க ஆடிக்கான பணத்தை முன்னாடியே எடுத்து வைக்கணும்.

நைட் ஷிப்ட் ஃபேக்டரி வேலையை ரெண்டாவது வேலையா சேர்க்காதீங்க. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 60-வது பிரிவு, ஒரு தொழிலாளியை ஒரே நாள்ல ரெண்டு ஃபேக்டரியில வேலை வாங்கறதையே தடுத்தது. காரணம் புரிஞ்சுக்கக் கஷ்டமில்ல, தூக்கக் கலக்கத்துல கை மெஷினுக்குள்ள போயிடும். நாள் முழுக்க கிளாஸ்ல உட்கார்ந்துட்டு வர்ற உடம்பும் களைச்ச உடம்புதான்.

இன்னும் காலேஜ் சேராதவங்களுக்கு ஒண்ணு. ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் படிக்கப் போறீங்கன்னா, தமிழ்நாட்டுல பல காலேஜ்ல ஷிப்ட் 1, ஷிப்ட் 2 உண்டு. அரும்பாக்கம் டி.ஜி. வைஷ்ணவ் மாதிரி. அரை நாள் காலேஜ்னா, மீதி அரை நாளுக்கு ஒரே ஒரு ஒழுங்கான வேலை கிடைச்சாலே போதும், ரெண்டு துண்டு வேலை தேவைப்படாது. அட்மிஷன் நேரத்துலயே இதை யோசிங்க.

ரெண்டாவது வேலைக்கு முன்னாடி

வர வேண்டிய பணம் எல்லாம் வருதான்னு பாருங்க. அரசுப் பள்ளியிலயோ, அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியத்துலயோ 6-லிருந்து 12 வரைக்கும் படிச்சிருந்தா, பெண்களுக்குப் புதுமைப் பெண், பசங்களுக்கு 2024-ல வந்த தமிழ்ப் புதல்வன், ரெண்டுலயும் மாசம் ₹1,000. 7.5% ஒதுக்கீட்டுல இன்ஜினியரிங் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவங்களுக்கு டியூஷன், ஹாஸ்டல் ஃபீஸை அரசே கட்டுது. வீட்டுல முதல் பட்டதாரின்னா கவுன்சிலிங் மூலமா சேர்ந்தவங்களுக்கு டியூஷன் ஃபீஸ்ல சலுகை. மாசம் ₹1,000 சம்பாதிக்க நீங்க எத்தனை ராத்திரி நிக்கணும்னு வகுத்துப் பார்த்துட்டு, சர்டிஃபிகேட்டுக்கு அலையலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க.

அடிபட்டா யார் பார்ப்பா?

10 பேர் இல்ல அதுக்கு மேல வேலை செய்யற கடை, கம்பெனின்னா, மாசச் சம்பளம் ₹21,000 வரைக்கும் இருக்கிறவங்களுக்கு ஈஎஸ்ஐ. உங்க பங்கு 0.75%, முதலாளி பங்கு 3.25%. ₹10,000 சம்பளத்துக்கு நீங்க கட்டறது ₹75. சேரும்போதே ஈஎஸ்ஐ நம்பர் கேளுங்க, "பார்ட் டைம்தானே"ன்னு சொன்னா விட்டுடாதீங்க. டெலிவரி, பைக் டாக்ஸி ஓட்டறவங்க, 2023-ல தமிழ்நாடு அரசு தனியா அமைச்ச கிக் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு பண்ணுங்க.

கடைசியா, இன்னைக்கு ராத்திரி செய்ய ஒரு வேலை. திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும் ஏழு கட்டம் போட்டு, முதல்ல தூக்கத்தை எழுதுங்க, அப்புறம் காலேஜ், அப்புறம் பயணம். மிஞ்சின இடத்துல ரெண்டாவது வேலை உட்காருதான்னு பாருங்க. உட்காரலேன்னா உங்ககிட்ட உழைப்பு குறைவுன்னு அர்த்தமில்ல. அந்தக் கட்டத்துல இடம் இல்ல, அவ்வளவுதான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.